மகன் தலைவர், அம்மா குடம் காலி

கேள்வி: என் மகன் பேரூராட்சித் தலைவர். மற்ற வீதிகளுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை குடிநீர் வருகிறது. எங்கள் வீதிக்கு நான்கு நாளாகிறது. கேட்டால், "நம் வீதிக்கு முதலில் விட்டால் ஊர் பேசும், அம்மா" என்கிறான். நேர்மை என்றால் இதுதானா?
- ஒரு தாய், கோபி வட்டம்

பதில்: பேரூராட்சிகளில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக்குத் தனிக் குழாய் இழுத்துக்கொண்ட தலைவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் மகன்மேல் மரியாதை வருகிறது, அம்மிணி. ஆனாலும் அவர் செய்வது தப்பு. அந்த வீதியில் உங்கள் வீடு மட்டுமா இருக்கிறது? தலைவர் நல்ல பெயர் எடுக்க அக்கம்பக்கத்தார் ஏன் தவிக்க வேண்டும்?

காலிங்கராயன் கதை அவர் மனத்தில் இருக்கலாம். 13ஆம் நூற்றாண்டில் பவானியில் அணை கட்டி, ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் வரை வாய்க்கால் வெட்டியவர். 'தன் நிலத்துக்காக வெட்டினான்' என்ற பேச்சு வரக்கூடாதென்று குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். விட்டுக்கொடுத்தது தன் பங்கை. பக்கத்து வயல்காரர் மடையை அவர் அடைக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில், எந்த வீதிக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வால்வு திறக்கும் என்று எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டவைத்தார் தலைவர். மாற்றுவதென்றால் மன்றக் கூட்டத்தில்தான். அவருடைய மாமனாரே வந்து கேட்டபோது சுவரைக் காட்டினார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார் பெரியவர்; மருமகனே வாசித்துக் காட்டினார்! மோட்டார் பழுதான நாளில் மட்டும் கடைசி வீதிக்கு நேரில் போய் ஏச்சு வாங்கிக்கொள்வார். உங்கள் மகனிடம் முதலில் அந்தத் தாளை ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 1965இல் இந்திப் பிரச்சினையில் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகிய சி.சுப்பிரமணியம், பிறகு திரும்பியது பதவி ஆசைதானே?
- வாசகர், உடுமலை

பதில்: ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதி தந்துவிட்டார். அப்புறம் எதற்கு வீட்டில் உட்கார வேண்டும்? கையில் இருந்ததோ உணவுத் துறை. மறு ஆண்டு மெக்சிகோவிலிருந்து, அதிக விளைச்சல் தரும் கோதுமை விதை 18,000 டன் வந்தது. டெல்லியில் தம் அரசு வீட்டுப் புல்தரையிலேயே கோதுமை விதைத்துக் காட்டியவர் அவர். செங்குட்டைப்பாளையத்துக் குடியானவர் பிள்ளை அல்லவா, வெறும் புல் வளர்ந்து கிடந்தது கண்ணை உறுத்தியிருக்கும்.