ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குவதற்கு முன் சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்திலிருந்து எழுதியிருக்கும் தகப்பனாருக்கு,

மகள் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) கடைசி வருடம். கூடப் படிக்கும் பிள்ளைகள் முடித்துக் கொடுத்த ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், கடன் வாங்கியாவது நாமும் வாங்கிவிடலாமா என்கிறீர்கள். வேண்டாம் சார். “இந்த இடத்தில் ஏன் இந்த ரெசிஸ்டர்?” என்று இன்டர்வியூவில் ஒரு கேள்வி வந்தாலே சாயம் வெளுத்துவிடும். கையில் இருப்பதாக நீங்கள் சொன்ன 3,000 ரூபாயே தாராளம்.

காசு குறைவாக இருந்தால் சிக்கலைச் சின்னதாக நறுக்க வேண்டும். ‘பெங்களூரு தண்ணீர்ப் பஞ்சம்’ என்று தலைப்பு வைத்தால் யாராலும் முடிக்க முடியாது. ‘எங்கள் கட்டடத்து சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில்) எத்தனை லிட்டர் இருக்கிறது, டேங்கருக்கு எப்போது போன் போடுவது?’ என்றால் முடியும். 2024 கோடையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பார்த்த எந்த பெங்களூர்க்காரரும் இதன் அவசியத்தைக் கேட்கமாட்டார்.

முதல் பத்து நாள் எதுவும் வாங்க வேண்டாம். காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் அளவு குறித்த நீளக் கம்பை விட்டு நீர்மட்டம் எழுதிவரட்டும். சம்ப் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் மட்டம் 30 லிட்டர். அளப்பதெல்லாம் வெளியிலிருந்தே. உள்ளே யாரும் இறங்கக் கூடாது, காற்றில்லாமல் உயிர் போகும் இடம் அது.

இதே நாட்களில் வோக்வி என்ற இலவசத் தளத்தில் சர்க்யூட்டையும் புரோகிராமையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். அங்கே எதுவும் எரியாது. பிறகுதான் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு. ஒரு இ.எஸ்.பி.32 போர்டு (வை-ஃபை உள்ள சின்னக் கம்ப்யூட்டர் போர்டு), ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தால் தூரம் அளக்கும், தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, வெப்பநிலை சென்சார் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் பத்து. பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் வீட்டிலேயே இருக்கும், 1 ஆம்பியருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வை-ஃபை அனுப்பும் நொடியில் போர்டு கரன்ட்டை இழுக்கும். சார்ஜர் தாங்காவிட்டால் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் புரோகிராமில் தப்பு தேடி ஒரு வாரத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது எக்கோ பின், அதாவது எதிரொலி வர ஆன நேரத்தைச் சென்சார் போர்டுக்குச் சொல்லும் முனை. சென்சார் தருவது 5 வோல்ட், போர்டு தாங்குவது 3.3. நேராகக் கொடுத்தால் பின் கெட்டுப்போகலாம். மூன்று 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையாக எக்கோவிலிருந்து கிரவுண்டுக்குப் போட்டு, முதலாவது முடியும் இடத்திலிருந்து போர்டுக்கு எடுத்தால் 3.33 வோல்ட் வரும். இன்டர்வியூ கேள்விக்குப் பதிலும் இதுதான்.

போர்டு வெளியே இருக்கட்டும், சென்சார் ஒயர் மட்டும் உள்ளே போகட்டும். கான்கிரீட்டுக்குக் கீழே வை-ஃபை எடுக்காது. சென்சாருக்கு அடியில் 25 சென்டிமீட்டர் வரை அதனால் அளக்க முடியாத குருட்டு இடம், அதனால் நிறைந்த மட்டத்துக்கு மேலே அவ்வளவு இடைவெளி வேண்டும். சுவரை ஒட்டி மாட்டினால் சுவரின் எதிரொலிதான் வரும். ஐந்து முறை அளந்து நடு மதிப்பை எடுத்தால் அலையால் வரும் தாவல் அடங்கும்.

வெப்பநிலை சென்சார் எதற்கு என்பீர்கள். ஒலியின் வேகம் டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் மாறும். 10 டிகிரி வித்தியாசம் என்றால் 150 சென்டிமீட்டர் தூரத்தை அளப்பதில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பிசகும், ஏறக்குறைய 80 லிட்டர்! இந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட பெண்ணை எந்த இன்டர்வியூவிலும் அவ்வளவு லேசில் ஒதுக்கமாட்டார்கள்.

கெட்டுப்போனது, மாற்றியது, ஆன செலவு எல்லாம் தேதியோடு நோட்டில் இருக்கட்டும். ப்ராஜெக்டைப் பார்க்கும் பேராசிரியரான கைடு “இது ரொம்பச் சின்னது” என்றால் அந்தப் பத்து நாள் கணக்கைக் காட்டி, தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் தீரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பகுதியைச் சேர்ப்பதாகச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் புதிதாக ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை.