நாடாளுமன்ற இடைத்தேர்தலில் விவசாயிகள் கூட்டமாக மனு போட்டால் தேர்தல் நின்றுவிடுமா?

போராட்டத்தில் இருக்கும் விவசாயிகள் நூற்றுக்கணக்கில் வேட்புமனு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்தல் நிற்காது, ஆனால் நிர்வாகம் திணறிப்போகும்.

நம் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில், 1996 சட்டமன்றத் தேர்தலில் 1,033 பேர் களத்தில் இருந்தார்கள். தங்கள் குறையை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் இறங்கிய விவசாயிகளே பெரும்பாலும். டெபாசிட் அப்போது வெறும் 250 ரூபாய். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. வாக்குப்பதிவும் ஒரு மாதம் தள்ளிப்போனது.

அப்புறம் அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை ஏற்றினார்கள். இன்று நாடாளுமன்றத்துக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. சுயேச்சை என்றால் முன்மொழிய அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். குறையைக் கேட்காமல் கட்டணத்தை ஏற்றியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படியும் 2019இல் தெலங்கானாவின் நிசாமாபாத்தில் மஞ்சளுக்கு விலை கேட்ட விவசாயிகள் திரண்டு நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான்கள் இருக்கும் ஒரு பெட்டிக்கு 16 பெயர் வீதம், சாவடிக்குச் சாவடி 12 பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். எம்3 ரக வாக்குப்பதிவு இயந்திரம் நோட்டாவோடு சேர்த்து 384 பெயர் வரை தாங்கும். அதையும் தாண்டினால் மறுபடி வாக்குச்சீட்டுதான்.