எம்ஜிபியா, பென்ஸா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் குடியிருக்கிறோம். நான், மனைவி, ஐந்து வயது மகன். தினமும் காரில்தான் வேலைக்குப் போகிறேன். 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் 2011 மெர்சிடிஸ் இ220 டீசல் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. எனக்கு எம்ஜி மேல் ஆசை, வீட்டில் பென்ஸ் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: வீட்டில் சொல்வதைக் கேளுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அந்த டீசல்தான் இடிக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) யூலெஸ் வந்துவிட்டது, அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம். தப்பிக்க, டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும். 2011 இ220 யூரோ 5தான். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. வருடத்துக்கு 230 வேலைநாள் என்று வைத்தாலே 2,875 பவுண்டு!

கார்பரேட்டரில் பெட்ரோல் வாடை அடிக்கும் எம்ஜிபிக்கோ இந்தக் கட்டணம் கிடையாது. 40 வயது தாண்டி ‘ஹிஸ்டாரிக்’ வகையில் பதிவான வண்டி என்பதால் சாலை வரியும் இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனையும் கட்டாயமில்லை.

அதற்காக அதை வாங்கிவிடாதீர்கள். இருக்கை இரண்டு, நீங்கள் மூன்று பேர். ஏபிஎஸ், ஏர்பேக் கிடையாது. ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத வண்டியில் 70 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை நெருங்கும். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு வேறு அடித்தகட்டை அரித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு அதைப்போல ஒரு வண்டி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அதே பென்ஸில் பெட்ரோல் இ200 பாருங்கள். யூரோ 5 பெட்ரோல் என்பதால் யூலெஸ் தொல்லை இல்லை. அதன் இன்ஜின் 1,796 சிசி, எம்ஜிபியுடையது 1,798. கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் டர்போ தயவில் 184 குதிரைத்திறன், எம்ஜியில் சுமார் 95. பென்ஸின் அந்த இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி) நீளுவது தெரிந்த கோளாறு. அதனால் இன்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதல் சில நொடிகள் கடகடவென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள்.

எம்ஜிபி எங்கும் ஓடிப்போகாது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. பிற்பாடு வாங்கும்போது இன்ஜினைப் பார்த்து மயங்காமல் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ (sill) என்ற இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். கூரையில்லாத வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடைவெளி சுருங்கினாலோ கதவு திறக்க மறுத்தாலோ, பளபளக்கும் பெயின்டுக்கு அடியில் துருதான். அதை வெட்டி எடுத்து வெல்டிங் செய்ய ஆகும் கூலியில் இன்னொரு நல்ல எம்ஜிபிக்குப் பாதிப் பணம் சேர்ந்துவிடும்.