17ஆம் பக்கத்து மிருகம்

கேள்வி: சிறு பத்திரிகை ஒன்றில் அவ்வப்போது புத்தக விமர்சனம் எழுதுகிறேன். வயது 44. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் தம்பி தானே எழுதி, தானே வரைந்து, சொந்தக் காசில் அச்சடித்த 64 பக்கக் கறுப்பு வெள்ளை காமிக்ஸ் கைக்கு வந்திருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கானது. பள்ளியில் படிக்கும் ஒரு பெண், அவள் அலமாரிக்குள் ஒரு மிருகம், அவள் பொய் சொல்லச் சொல்ல அது வளர்கிறது. படங்கள் அருமை. ஆனால் வயதாகிவிட்டதாலோ என்னவோ, எனக்குப் பயமே வரவில்லை, மிருகம் முழுசாகத் தெரிகிற 17ஆம் பக்கத்தில்கூட. பிற்பாதி ஒரே இழுவை. எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. பையன் மனசும் நோகக்கூடாது. பிள்ளைகள் படிக்கலாமா என்றும் சொல்ல வேண்டுமாம். 600 வார்த்தை கேட்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: முதலில் அந்த 17ஆம் பக்கத்தைப் பார்ப்போம், ஏனென்றால் பயம் வராததற்கு உங்கள் 44 வயதுதான் காரணம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. புத்தகத்தை விரித்துப் பாருங்கள். 17 வலது பக்கம். 15ஐப் புரட்டியதும் 16ம் 17ம் சேர்ந்தே கண்ணில் படுகின்றன, பக்கம் முழுக்கக் கரியாக நிற்கிற ஒரு உருவம் வலது பக்கம் இருந்தால் எந்தக் கண்ணும் நேராக அங்கேதான் போகும். அப்புறம் 16க்குத் திரும்பி வந்து அவள் அலமாரிக் கதவில் கை வைப்பதைப் படிக்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்துபோயிருக்கிறது. அதே படம் 16ஆம் பக்கத்தில் இருந்திருந்தால், தாளைப் புரட்டுவதே கதவைத் திறப்பதாக ஆகியிருக்கும், திறந்த குற்றம் நம் கையிலும் ஒட்டியிருக்கும். அச்சில் வரும் காமிக்ஸில் திடுக்கிடல் இடது பக்கத்தில்தான் உட்கார வேண்டும், அதாவது இரட்டைப்படைப் பக்கத்தில். (போனில் விரலால் தள்ளிப் படிக்கிற காமிக்ஸில் புரட்டுவதற்குத் தாளே கிடையாது, அங்கே கணக்கு வேறு.)

பார்த்தீர்களா, ஓவியம் தெரியாமலேயே ஓவியம் பற்றி ஒரு பத்தி கிடைத்துவிட்டது. கோடு நன்றாக இருக்கிறது, நிழல் அருமை என்றெல்லாம் எழுத உங்களுக்குத் தெரியாது என்றால் எழுதாதீர்கள், தெரிந்தவர்கள் எழுதினாலும் படிப்பவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் விளங்குவதில்லை. உங்கள் கண் எங்கே முதலில் போயிற்று, எங்கே நின்றது, எந்தக் கட்டத்துக்கும் எந்தக் கட்டத்துக்கும் நடுவே நீங்களாக ஒன்றைக் கற்பனை செய்து நிரப்பிக்கொண்டீர்கள், இதை எழுதினால் போதும். காமிக்ஸில் பாதிக் கதை கட்டங்களுக்கு நடுவே இருக்கிற அந்த வெள்ளை இடைவெளியில்தான் நடக்கிறது. ஒரு கட்டத்தில் கதவிடுக்கில் நகம், அடுத்த கட்டத்தில் காலியான படுக்கை. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் வரையவில்லை, வரைந்தது நாம்தான். மிருகக் கதைகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

என் அக்கா மகளுக்கு 15 வயது. போன வருஷம் இதேபோல ஒரு சின்ன காமிக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். வசனமே இல்லாத ஒரு கட்டம், ஒரு பையன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பாதமும் தரையில் படாமல் தூக்கியிருக்கிறது. அவ்வளவுதான், மிருகம் எங்கும் இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை, தன் காலை மட்டும் மெதுவாகத் தூக்கி நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டாள். படித்து முடித்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ம், ஓகே." நான் விமர்சனத்தில் எழுதியது அந்தக் காலைப் பற்றி. நீங்களும் யாராவது ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், கேள்வி கேட்டு நச்சரிக்காமல் எங்கே வேகமாகப் புரட்டுகிறாள், எங்கே ஒரு பக்கம் பின்னால் போகிறாள் என்று மட்டும் கவனியுங்கள். "இளைய தலைமுறைக்கு நிச்சயம் பிடிக்கும்" என்ற வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள், உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. கடிதம் முழுக்க நீங்கள் மிருகம் என்றே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களோ என்னவோ, நல்ல தேர்வு. பேய் என்று எழுதியிருந்தால் செத்துப்போனவர் யார் என்று தேட ஆரம்பிப்போம். பூதம் என்றால் புதையலும் குழந்தைக் கதையும் கூடவே வந்துவிடும், அரக்கன் என்றால் அவனைக் கொல்ல ஒரு நாயகன் வந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் மான்ஸ்டர் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள், நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை, ஆனால் எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதிலேயே பாதி விமர்சனம் முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் அதை என்னவென்று கூப்பிடுகிறாள்? பெயர் வைக்கிறாளா? அதை எழுதுங்கள்.

இப்போது அந்த இழுவை. நீங்கள் கூடவே அனுப்பிய மூன்று பக்கங்களைப் பார்த்தேன், மிருகம் வாய் திறந்து "நான்தான் உன் பயம், நான்தான் நீ மறைத்த உண்மை" என்று விளக்கவுரை வழங்குகிறது. மிருகம் பேசுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. மேரி ஷெல்லி 18 வயதில் எழுதத் தொடங்கி 1818இல் வெளிவந்த ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில் அந்த உருவம் அத்தியாயம் அத்தியாயமாகப் பேசும். ஆனால் அது பேசுவது நமக்கு அதுவரை தெரியாத தன் கதையை, தனியாகக் கிடந்ததை, பார்த்தவர்கள் எல்லாரும் விரட்டியதை. இங்கே நிலைமை வேறு. பொய் சொல்லச் சொல்ல அது வளர்வதை 30 பக்கமாகப் படத்தில் காட்டிய பிறகு, அதையே வசனம் எழுதுகிற பலூனுக்குள் திரும்பச் சொல்கிறார்கள். இழுவை அங்கேதான். இதை அப்படியே, பக்க எண்ணோடு எழுதுங்கள். "பிற்பாதியில் தொய்வு" என்று எழுதினால் பையனுக்கு மனசு நோகும், உதவியும் கிடைக்காது. எந்தப் பலூனை அழித்தால் பக்கம் நிமிர்ந்து உட்காரும் என்று சொன்னால் நொந்தாலும் உட்கார்ந்து யோசிப்பார்.

பலூன் என்றதும் ஞாபகம் வருகிறது, அனுப்பிய மூன்று பக்கத்திலேயே இரண்டு இடத்தில் எழுத்துக்கு முன்னால் போடுகிற கொம்பு (ெ) ஒரு வரியிலும் அதன் எழுத்து அடுத்த வரியிலும் தனித்தனியாக நிற்கின்றன. வரைகிற மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழை எங்கே உடைக்கலாம் என்று தெரியாது, நம் சொற்களும் நீளம், பலூனோ சின்னது. தனியாள் வேலை என்று இதை மன்னித்து விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள், ஆனால் சொல்லுங்கள். சொந்தக் காசில் செய்தார் என்பதற்காக மதிப்பெண் கூட்டிப் போட்டால், பெரிய நிறுவனத்துப் புத்தகத்தோடு ஒப்பிட லாயக்கில்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அவர் உங்களோடு வேலை பார்ப்பவரின் தம்பி என்பதையும் மறைக்காமல் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். எழுதியதை அச்சுக்கு முன்னால் அவருடைய அக்காவிடம் காட்டவே காட்டாதீர்கள்.

பிள்ளைகள் படிக்கலாமா? பழைய பஞ்சாயத்து இது. அமெரிக்காவில் 1954இல் காமிக்ஸ் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டதிட்டம் போட்டுக்கொண்டு ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எல்லாவற்றையும் தடை செய்தார்கள். 1971இல் கொஞ்சம் தளர்த்தியபோது காட்டேரியும் ஓநாயும் திரும்பி வந்தன, பிணத்துக்கு மட்டும் அப்போதும் அனுமதி இல்லை, என்ன தர்க்கமோ! அதனால் நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம், உள்ளே இருப்பதைச் சொல்லுங்கள்: ரத்தம் எங்கே, எவ்வளவு, அவள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் காட்சி ஏதும் உண்டா, அப்பா அம்மாவிடம் சொல்லும் பொய்கள் எப்படிப்பட்டவை. மிச்சத்தை வீட்டில் முடிவு செய்துகொள்வார்கள்.

கதையைச் சொல்ல 100 வார்த்தைக்கு மேல் செலவழிக்காதீர்கள், 20ஆம் பக்கத்துக்குப் பிறகு நடப்பதை மூச்சுவிடாதீர்கள்.

அனுப்பும் முன் அந்தப் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள். நடுவில் பின் அடித்த புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வர முடியும். அவர் 63 பக்கம் வரைந்து, கணக்கு சரிவர முன்னால் ஒரு தலைப்புப் பக்கத்தைச் செருகியிருந்தால், எல்லாமே ஒரு பக்கம் தள்ளிப்போயிருக்கும், அவர் மேஜையில் அந்த மிருகம் 16ஆம் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அப்படியென்றால் அடுத்த பதிப்பில் அந்தத் தலைப்புப் பக்கத்தைத் தூக்கிக் கடைசியில் போடச் சொல்லுங்கள்.