ஒபாமாகேர் நிறைவேறியபோது அமெரிக்க மக்கள் ஏன் சந்தேகப்பட்டார்கள்?

ஒபாமாகேர் என்பது காப்பீடு இல்லாத கோடிக்கணக்கான அமெரிக்கர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்க வழிசெய்த சட்டம். 2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார்.

நல்லதுதானே, அப்புறம் ஏன் சந்தேகம்? பெரும்பாலானோருக்கு வேலை வழியாகவோ அரசு வழியாகவோ ஏற்கெனவே காப்பீடு இருந்தது. கையில் இருப்பதும் போய்விடுமோ என்பதுதான் பயம். அடுத்த தெருவுக்குக் குழாய் போடுகிறோம் என்று நம் வாசலைத் தோண்டினால், 'நமக்குத் தண்ணீர் நின்றுவிடுமோ' என்றுதானே முதலில் கேட்போம்? அதுவும் பள்ளம் இன்று, தண்ணீர் நாளை என்ற கதை: முக்கியப் பலன்கள் 2014-இல்தான் தொடங்கின. பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212 என்று நூலிழையில் தேறியதும், ஒரு குடியரசுக் கட்சியினர்கூட ஆதரிக்காததும் நம்பிக்கையை வளர்க்கவில்லை.

இதை அரசே நடத்தும் காப்பீடு என்று பலர் நினைக்கிறார்கள்; ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் விரிவாக்கம் நீங்கலாக, மக்கள் வாங்குவது தனியார் நிறுவனங்களின் காப்பீட்டைத்தான்.