மகன் கையெழுத்திடாத கடன்

கேள்வி: எனக்கு 50 வயது. வீட்டுக் கடனில் இன்னும் 20 லட்சம் பாக்கி இருக்கிறது. வட்டி 9 சதவீதம். 60 வயதில் நான் ஓய்வு பெறும்போது கடனும் முடிந்துவிடும். கார் வாங்கவும் வீட்டின் முகப்பை மாற்றிக் கட்டவும் அதே வங்கி 5 லட்சம் டாப்-அப் கடன் (இருக்கும் வீட்டுக் கடனுக்கு மேல் கூடுதலாகத் தரும் கடன்) தருகிறது. இரண்டையும் ஒன்றாக்கி 15 ஆண்டுகளுக்கு நீட்டிக்கொண்டால் மாதத் தவணை ஏறாது என்கிறார்கள். ஓய்வூதியம் குறைவுதான், ஆனால் இப்போது 13 வயதாகும் என் மகன் அதற்குள் சம்பாதிக்கத் தொடங்கியிருப்பான். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம்.

வட்டியைப் பற்றியும் தவணையைப் பற்றியும் கவனமாக எழுதிய நீங்கள், மகனைப் பற்றிய வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது அந்த வரிதான். நீங்கள் வாங்கப்போகும் காருக்கான பணத்தைக் கட்டவேண்டியவனாக 13 வயதுப் பையனை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நியமித்துவிட்டீர்கள்.

தவணை ஏறாது என்று வங்கி சொன்னது உண்மைதான். 20 லட்சத்தை 10 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 25,335 கட்ட வேண்டும்; 25 லட்சத்தை 15 ஆண்டுகளில் அடைக்கச் சுமார் 25,357. வித்தியாசம் 22தான். ஆனால் பத்தாவது ஆண்டோடு நின்றிருக்க வேண்டிய அந்தத் தவணை மேலும் 60 மாதங்களுக்கு ஓடும். அந்த 60 மாதங்களில் போகும் தொகை 15 லட்சத்துக்கும் மேல். கையில் வாங்குவது 5 லட்சம், அதற்காகக் கூடுதலாகக் கட்டுவது அதைப்போல் மூன்று மடங்கு. புதிய 5 லட்சம் மட்டுமல்லாமல், ஒழுங்காகக் கரைந்துகொண்டிருந்த பழைய 20 லட்சமும் மறுபடி இழுத்து நீட்டப்படுவதால்தான் இப்படி ஆகிறது. இந்தக் கூடுதல் சுமையில் ஏறத்தாழ ஒரு காசுகூட உங்கள் சம்பளக் காலத்தில் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். அது முழுவதும் நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு, உங்கள் மகனின் 23 வயதுக்கும் 28 வயதுக்கும் இடையில் போய் விழுகிறது. அவன் மேற்கொண்டு படிக்க விரும்பலாம், வேலை கிடைக்கத் தாமதமாகலாம், குடும்பம் தொடங்க நினைக்கலாம். நீங்கள் வாங்கிய கார் அதற்குள் பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகாத நிலைக்கு வந்திருக்கும்.

முதுமையில் பெற்றோரைத் தாங்குவது பிள்ளையின் கடமை என்று நானும் உறுதியாக நம்புகிறவள். அம்மாவின் மருந்துக்கும் அப்பாவின் சாப்பாட்டுக்கும் அவன் கொடுக்கட்டும். அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. கேட்டுக்கு அழகான தூண் வைத்ததற்கு அவன் ஏன் கொடுக்க வேண்டும்? கூரை ஒழுகுகிறது, சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

அந்த 5 லட்சம் தேவைதானா என்பதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பழைய கடனின் காலத்தைத் தொடாமல், டாப்-அப்பைத் தனிக் கணக்காக, அதே 9 சதவீதத்தில் 5 ஆண்டுகளுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். மாதம் சுமார் 10,380 கூடுதலாகக் கட்ட வேண்டிவரும், மொத்தம் 6.23 லட்சத்தில் முடிந்துவிடும். அந்த 10,380ஐ அடுத்த ஆறு மாதம் தனியாக எடுத்துவைத்துப் பாருங்கள். முடிந்தால் உங்களால் கார் வாங்க முடியும், அதுவும் ஆறு மாதச் சேமிப்பு கையில் இருப்பதால் குறைந்த கடனோடு. முடியாவிட்டால், உங்கள் வருமானத்துக்குத் தாங்காத காரைத்தான் இத்தனை நாளும் மகனின் வருமானத்தில் வாங்கப் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. டாப்-அப்புக்கும் ஈடு அந்த வீடுதான். காருக்கு வாங்கிய பணத்தின் தவணை தவறினாலும் வங்கி கைவைப்பது வீட்டின்மீதுதான்; இரண்டும் அடையும்வரை பத்திரமும் அவர்களிடமே இருக்கும். முதல் கடனுக்கு எடுத்த காப்பீடு இந்தக் கூடுதல் தொகைக்குத் தானாகப் பொருந்தாது. உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பாக்கி யார் தலையில் விழும் என்பதை உங்கள் மனைவி அறிவாரா? கடிதம் முழுவதிலும் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வங்கிக்குப் போகும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். 25,357ஐ 60ஆல் பெருக்கத் தெரிந்த வயதுதான் அவனுக்கு.