வங்கிக் கொள்ளையைப் பற்றிய படங்களில் உங்கள் மனத்தைவிட்டு அகலாத படம் எது? ஏன்?

சிட்னி லூமெட் இயக்கி 1975இல் வெளிவந்த 'டாக் டே ஆஃப்டர்நூன்'. இருபது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். அந்த நாற்காலியிலிருந்து பார்த்த எனக்குக் கொள்ளைக்காரர்களைவிட உள்ளே மாட்டிக்கொண்ட பெண்கள்தான் நெஞ்சில் நின்றார்கள்.

இது உண்மையில் நடந்தது. 1972 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், சேஸ் மன்ஹாட்டன் வங்கியின் கிளை ஒன்றில் ஜான் வோய்டோவிச் என்பவரும் சால் நாச்சுராலே என்ற பதினெட்டு வயதுப் பையனும் கொள்ளையடிக்க நுழைந்து, ஊழியர்களைப் பிணையாக வைத்துக்கொண்டு சுமார் 14 மணி நேரம் போலீசாருடன் மல்லுக்கு நின்றார்கள். லைஃப் பத்திரிகையில் வந்த கட்டுரையிலிருந்து ஃபிராங்க் பியர்சன் திரைக்கதை எழுதினார். அதற்கு ஆஸ்கரும் வாங்கினார்.

படத்தில் வோய்டோவிச்சுக்குப் பெயர் சன்னி. நடித்தவர் அல் பசினோ. பூப்பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த துப்பாக்கியை உருவும்போதே அது சிக்கிக்கொள்கிறது. கூட வந்த மூன்றாவது ஆள், தன்னால் முடியாது என்று அப்போதே கிளம்பிவிடுகிறான். பெட்டகத்தைத் திறந்தால் 1,100 டாலர்தான் இருக்கிறது. மீதிப் பணம் முன்பே அனுப்பப்பட்டுவிட்டது. வெளியில் இருப்பவர்களுக்கு வங்கி என்றால் கட்டுக்கட்டாய்ப் பணம் அடுக்கிய இடம். எங்களுக்குத் தெரியும், ஒரு கிளையில் இரவு இவ்வளவுதான் ரொக்கம் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. அதற்குமேல் சேர்ந்தால் வண்டி வந்து வாங்கிக்கொண்டு போய்விடும். அந்தப் பெட்டகக் காட்சியைப் பார்த்தபோது, படம் எடுத்தவர்கள் எங்கள் வேலையைத் தெரிந்துகொண்டு எடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

சன்னியும் வங்கியில் வேலை பார்த்தவன்தான். எந்த நோட்டை எடுத்தால் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். பயணக் காசோலைகளின் எண்களைக் கொண்டு பின்னால் துப்புத் துலக்கக் கூடாது என்று, பதிவேட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுக் கொளுத்துகிறான். அந்தப் புகை வெளியே போய், என்ன விஷயம் என்று கேட்டு ஒருவர் கதவுவரை வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு போலீஸ் அதிகாரியிடமிருந்தே தொலைபேசி அழைப்பு. வேலை தெரிந்தவன், தெரிந்த வேலையாலேயே மாட்டிக்கொள்கிறான். அந்த இடத்தில் எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்தது.

என்னை அழவைத்தவர் தலைமை கேஷியர் சில்வியா. நடித்தவர் பெனலோப் ஆலன். பேச்சுவார்த்தைக்காக அவரைச் சன்னி வாசலுக்குக் கூட்டி வருகிறான். வெளியில் நிற்கும் போலீஸ் அதிகாரி, அவரை அப்படியே தங்கள் பக்கம் வந்துவிடச் சொல்கிறார். நாலு எட்டு வைத்தால் உயிர் தப்பிவிடலாம். சில்வியா மறுத்துவிடுகிறார். உள்ளே இருக்கும் பெண்கள் தன் பொறுப்பு என்று திரும்பி நடந்து, துப்பாக்கி இருக்கும் அறைக்குள் போய்விடுகிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள் மாலை என் கேஷில் ஐந்தாயிரம் ரூபாய் குறைந்தது. கை நடுங்க நடுங்க எண்ணினேன். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது. குறைந்தால் கைக்காசைப் போட வேண்டும். அப்போது அது என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய எங்கள் தலைமை கேஷியர் அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ உட்காரும்மா, நான் எண்ணுகிறேன்" என்றார். பத்து ரூபாய்க் கட்டு ஒன்றுக்குள் ஐம்பது ரூபாய்க் கட்டு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்பதே கால். அன்று அவர் தம்பியை வரவழைத்து மொபெட்டில் வீடு போய்ச் சேர்ந்தார். சில்வியா வாசலிலிருந்து திரும்பும்போது எனக்கு அந்த அக்காவின் முதுகுதான் தெரிந்தது.

படத்தின் மற்றச் சிறப்புகளை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தெருவில் கூடிய கூட்டத்தைப் பார்த்துச் சன்னி "அட்டிகா!" என்று கத்தும் காட்சி, முந்தைய ஆண்டு அட்டிகா சிறைக் கலவரத்தில் 43 பேர் இறந்த கோபம் ஆறாத ஊரில் நடக்கிறது. தொடக்கத்தில் வரும் ஒரு பாட்டைத் தவிரப் பின்னணி இசையே இல்லை. வேர்த்துக் கொட்டும் கோடைக் கதையைக் குளிரில் படமாக்கினார்கள்; மூச்சு புகையாகத் தெரியாமல் இருக்க நடிகர்கள் வாயில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு நடித்தார்கள். சன்னி கொள்ளையடிக்க வந்ததே, பெண்ணாக மாற விரும்பும் தன் துணை லியோனின் அறுவை சிகிச்சைச் செலவுக்காக. அவர்கள் இருவரும் தொலைபேசியில் பேசும் நீண்ட காட்சியில் கேலி துளியும் கிடையாது. 1975இல் அப்படி எடுத்ததற்காகவே லூமெட்டைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சாலாக நடித்த ஜான் கசாலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தில் தப்பி எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்று சன்னி கேட்க, சால் "வயோமிங்" என்கிறான். அது அமெரிக்காவிலேயே ஒரு மாநிலம். ஒத்திகையில் இல்லாத அந்தப் பதிலைக் கசால் தானாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லில், எங்கும் போயிராத ஒரு மனிதனின் வாழ்க்கை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஐந்தே படங்களில் நடித்துவிட்டு, 1978இல் இறந்துபோனார்.

விமான நிலையத்தில், வண்டிக்குள், முதல் முறை விமானம் ஏறப்போகிறவன் என்று சாலிடம் கேஷியர் பெண் ஒருத்தி தன் ஜெபமாலையைக் கொடுக்கிறாள். நாள் முழுக்கத் தன்மேல் துப்பாக்கி நீட்டியவனுக்கு. அடுத்த சில நிமிடங்களில் சால் சுடப்படுகிறான். வண்டியில் அழுத்திப் பிடிக்கப்பட்ட சன்னி, விடுபட்ட பெண்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். விமானங்களின் இரைச்சல் மட்டும் கேட்கிறது.